ஏலியன்: எர்த் – நாலு எபிசோடு ஆச்சு, எங்கள் வீடு இரண்டு கட்சி ஆச்சு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏலியன் படங்களின் வரிசையில் வந்த இந்தப் பயமுறுத்தும் சீரிஸின் நாலாவது எபிசோடு வரைக்கும் உள்ள கதை கீழே வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். ஜியோஹாட்ஸ்டாரில் இருக்கிறது, மொத்தம் எட்டு எபிசோடு, 2025 ஆகஸ்ட் 13 அன்று இரண்டு சேர்ந்து வந்தன, அதிலிருந்து வாரம் ஒன்று, புதன்கிழமை காலையில்.

புதன் காலை எனக்குத் தோதான நேரம்தான். ஓசூரில் நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால் சூளகிரி வருவதற்குள் கழுத்து தொங்கிவிடும், கிருஷ்ணகிரியில் இறங்கி லண்டன்பேட்டை வீட்டுக்கு வந்து பல் தேய்த்து ஒரு டீ குடித்துவிட்டு உட்கார்ந்தால், பயமுறுத்தும் சீரிஸ் பார்ப்பதற்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. ஜன்னல் வழியாக வெயில் நேராக டிவி மேல் அடிக்கும். இருட்டுக் காட்சி வந்தால் திரையில் தெரிவது என் முகம்தான். முதல் எபிசோடை அப்படிப் பார்த்து ஒன்றும் புரியாமல், ராத்திரி திரும்பவும் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். நீங்களும் ராத்திரியிலேயே பாருங்கள்.

கூடப் பார்ப்பது யார் என்றால், பெரியப்பா மகன் ஒருத்தர், எங்கள் குடும்பத்துக்கே ஏலியன் விஷயத்தில் கடைசி வார்த்தை அவருடையது. 1986-ல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த இரண்டாம் பாகத்தை வாடகை சிடியில் பார்த்துவிட்டுத்தான் 1979-ல் ரிட்லி ஸ்காட் எடுத்த முதல் பாகத்துக்குப் போனவர். இன்னொருத்தன் என் மச்சான், பாலிடெக்னிக் படிக்கிறான், 2024-ல் வந்த ரோமுலஸ் ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த ஏலியன். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான். அண்ணன் இரண்டாவது எபிசோடிலேயே கோபித்துக்கொண்டார். மச்சான் அன்றைக்கே போன் வால்பேப்பரை மாற்றிவிட்டான்.

கதை நடப்பது 2120-ல். முதல் படத்தின் கதை 2122-ல் நடக்கிறது, அதாவது அந்தப் படத்தின் நாயகி ரிப்ளிக்கு இரண்டு வருடம் முன்னால். ஏலியன் வரிசையில் டிவிக்கென்று எடுத்த முதல் சீரிஸ் இதுதான், எழுதி உருவாக்கியவர் நோவா ஹாலி, ஃபார்கோ சீரிஸ் எடுத்தவர். பூமியை ஐந்து கம்பெனிகள் பங்கு போட்டு ஆள்கின்றன. அதில் பழைய பெருச்சாளி வெய்லண்ட்-யூட்டானியின் கப்பல் ஒன்று, பெயர் மாஜினோ, 65 வருடப் பயணத்தில் ஐந்து வகை ஜந்துக்களைப் பிடித்துக்கொண்டு திரும்பும்போது, நேற்று முளைத்த ப்ராடிஜி என்கிற இன்னொரு கம்பெனியின் நகரத்துக்குள் போய் விழுகிறது. ப்ராடிஜியின் முதலாளி செருப்பே போடாமல் திரியும் ஒரு பையன். அவன் ஒரு தீவில் ரகசியமாக வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான்: பிழைக்க வழியில்லாத ஆறு பிள்ளைகளின் நினைவை எடுத்துப் பெரியவர்களின் செயற்கை உடம்புக்குள் வைத்திருக்கிறான். உடம்பு இருபது வயது, உள்ளே இருப்பது பன்னிரண்டு வயதோ அதற்கும் குறைவோ. இந்தப் பிள்ளைகளைத்தான் விழுந்த கப்பலுக்குள் அனுப்புகிறான்.

இதைப் படித்துவிட்டு உங்களுக்கு “ஏலியன் எங்கே?” என்று தோன்றினால் நீங்கள் அண்ணன் கட்சி.

அண்ணனின் முதல் குற்றச்சாட்டு, அந்த ஜந்துவை இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு வெளிச்சத்தில் காட்டக்கூடாது என்பது. முதல் படத்தில் அது மொத்தமே சில நிமிடங்கள்தான் திரையில் இருக்கும், உடைக்குள் இருந்தவர் போலாஜி படேஜோ என்ற நைஜீரியாக்காரர், ஏழடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், கை கால் அவ்வளவு நீளம், அவரைத் தேடிப் பிடித்தும்கூட ஸ்காட் முழுதாகக் காட்ட மாட்டார். ஒரு கை, ஒரு வால், ஒரு வாய், அவ்வளவுதான். இங்கே இரண்டாவது எபிசோடில் ராஜா ராணி வேஷம் போட்டுக்கொண்டு பார்ட்டி நடத்தும் பணக்காரர்கள் நடுவில் அது புகுந்து வெட்டித் தள்ளுகிறது, நடைபாதையில் ஓடுகிறது, குதிக்கிறது. “டேய், உள்ள ஆளு ஓடுறது தெரியுதுடா, முழங்கால பாரு” என்றார் அண்ணன். பாஸ் பண்ணிப் பார்த்தேன். தெரிகிறது. மறுப்பதற்கில்லை. கம்ப்யூட்டரில் வரையாமல் உடை போட்டே எடுத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம்தான், ஆனால் உடை போட்டு எடுத்தால் விளக்கைக் குறைக்கத் தெரிய வேண்டும்.

இரண்டாவது குற்றச்சாட்டு கொஞ்சம் கனமானது, இணையத்தில் ரசிகர்கள் பலரும் கேட்டது. 2120-லேயே இது பூமிக்கு வந்துவிட்டதென்றால், 2122-ல் யாருக்கும் இதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருப்பது எப்படி? அதற்கப்புறம் 57 வருடம் தூங்கி எழுந்து ரிப்ளி வந்து சொல்லும்போதும் கம்பெனி ஆட்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு நம்பாமல் முழிக்கிறார்களே, அது எப்படி? அண்ணன் இதை ஏதோ கோர்ட்டில் மடக்கிவிட்ட வக்கீல் மாதிரி கேட்டார்.

எனக்கு இது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. முன்பு நான் காண்ட்ராக்டில் இருந்த ஒரு இடத்தில், ஃபோர்க்லிஃப்ட் இடித்து ஒருத்தருக்குப் பாதம் நசுங்கிப்போனது. அது நடந்தது காலை ஷிஃப்ட் முடிகிற நேரம். மத்தியானம் நாங்கள் உள்ளே போகும்போது தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடித்திருந்தார்கள், இன்னும் காயவில்லை, என் சேஃப்டி ஷூவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. ஏன் இன்றைக்குப் பெயின்ட் அடித்தார்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு “ஆடிட் வருது” என்றார். உண்மை தெரிய எனக்கு நாலு நாள் ஆனது, அதுவும் டீக்கடையில். பக்கத்து லைன் ஆளுக்கே தெரியாமல் ஒன்றை வைத்துக்கொள்ள முடிகிறதென்றால், ஒரு கண்டத்தையே ஆளும் கம்பெனிக்கு இரண்டு வருடம், ஐம்பத்தேழு வருடம் எல்லாம் ஒரு கணக்கா? இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினாரே தவிர ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த சீரிஸில் எனக்கு உண்மையில் வயிற்றைக் கலக்கிய இடம், ஜந்து வருகிற இடமே இல்லை. முதல் எபிசோடில், அந்த ஆறு பிள்ளைகளில் ஒருத்தியான வெண்டியின் அண்ணன் ஹெர்மிட், கம்பெனிப் படையில் மருத்துவ உதவியாளன், வேலையை விட்டுப் போக விண்ணப்பிக்கிறான். எதிரே இருப்பது மனிதன்கூட இல்லை. முடியாது என்று பதில் வருகிறது, அவ்வளவுதான். கத்தல் கிடையாது, மிரட்டல் கிடையாது. ரிலீவிங் லெட்டருக்காக எச்.ஆர். கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சிக்கு சப்டைட்டிலே வேண்டாம். ஓசூர் பஸ்ஸில் என்னோடு வருகிற பசங்க மூன்று பேர் இதைப் பார்க்கிறார்கள், மூன்று பேரும் முதலில் பேசியது இந்தக் காட்சியைத்தான், ஏலியனை அல்ல. முதல் படத்திலும் இது உண்டு, நினைவிருக்கிறதா, சாப்பாட்டு மேஜையில் இரண்டு மெக்கானிக்குகள் போனஸ் பங்கைப் பற்றிப் புலம்புவார்கள். நடுவில் வந்த சில படங்கள் அதை விட்டுவிட்டுப் படைத்தவன் யார், மனிதன் எங்கிருந்து வந்தான் என்று பெரிய கேள்விகளுக்குப் போய்விட்டன. ஹாலி திரும்பவும் சம்பளப் பேச்சுக்கு வந்திருக்கிறார். என்னைக் கேட்டால் சீரிஸின் பெரிய பலமே அதுதான்.

சரி, நாலாவது எபிசோடில் வரும் ஆட்டுக் காட்சிக்கு வருகிறேன்.

நாலாவது எபிசோடு வந்த ஆகஸ்ட் 27 அன்று விநாயகர் சதுர்த்தி. வேப்பனப்பள்ளிப் பக்கம் ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். பூஜை முடிந்து, கொழுக்கட்டைத் தட்டோடு எல்லோரும் ஹாலில் இருக்க, மச்சான் “மாமா, சவுண்டு கம்மியா வெச்சிக்கலாம்” என்று போட்டுவிட்டான். “நல்ல நாளும் அதுவுமா இந்தக் கருமம்தான் பாக்கணுமா” என்று அம்மா உள்ளே போய்விட்டார். அப்பா போகவில்லை, ஏனென்றால் திரையில் ஒரு செம்மறி ஆடு நின்றுகொண்டிருந்தது.

கப்பலில் வந்த ஐந்தில் ஒன்று ஒரு கண். வெறும் கண் உருண்டை, அடியில் ஆக்டோபஸ் மாதிரிக் கால்கள், ஒரே விழிக்குள் பல கண்பாப்பாக்கள். கண்ணாடி அறைக்குள் அந்த ஆட்டை விட்டு இந்தக் கண்ணைத் திறந்துவிடுகிறார்கள். அது ஆட்டின் ஒரு கண்ணைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்தக் குழிக்குள் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆடு விழுகிறது. அப்புறம் எழுந்து நிற்கிறது. கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்களைப் பார்க்கிறது. அவ்வளவுதான் காட்சி. ரத்தம் கொஞ்சம்தான், ஓட்டம் இல்லை, இசையும் அடக்கம்.

அப்பா முப்பது வருடமாக ஆடு வைத்திருக்கிறார். முதலில் அவர் கவலை வேறு: நம் மேச்சேரி ஆட்டுக்குக் குட்டை மயிர்தான், திரையில் நின்றது மெத்தைக்கு அடைத்த மாதிரி கம்பளி மூட்டை, “இத யாரு கத்தரிக்கிறது, ஆளு கெடைக்குமா” என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆடு எழுந்து நின்றதும் கொழுக்கட்டையைத் தட்டில் வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “ஆடு மனுசன இப்படி நேரா நின்னு பாக்காதுப்பா. தீனி இருக்கிற கையப் பாக்கும், இல்லாட்டி நாயப் பாக்கும். இது ஆள எண்ணுது” என்றார்.

நாலு எபிசோடுக்கு இணையத்தில் நான் படித்த எந்த விமர்சனமும் இந்த ஒரு வரிக்குக் கிட்டே வரவில்லை. அப்பா சொன்னபிறகு திரும்பவும் போட்டுப் பார்த்தேன், நிஜமாகவே ஒவ்வொரு முகமாக நிறுத்திப் பார்க்கிறது. ஆட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருக்கும், தலையைத் திருப்பாமலே பக்கத்தில் நடப்பதெல்லாம் தெரியும். இங்கே முகத்தை நேராகத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது. 1979 படத்துக்கு எச்.ஆர். கைகர் வரைந்த ஜந்துவுக்குக் கண்ணே கிடையாது, அதுதான் அதன் பயமே. நாற்பத்தாறு வருடம் கழித்து, கண் மட்டுமே உள்ள ஒன்றைக் கொண்டுவந்து பயமுறுத்தியிருக்கிறார்கள். இதற்கு அண்ணனும் குறை சொல்லவில்லை. “ம், இது நல்லாருக்கு” என்றார். அவரிடமிருந்து அது விருது.

நம் ஊர் ரசிகர்கள் கவனிக்க வேண்டிய ஆள் ஒருவர் உண்டு, ஆதர்ஷ் கௌரவ். தி ஒயிட் டைகர் படத்தில் டிரைவராக நடித்தாரே, அவரேதான். ஸ்லைட்லி என்ற பாத்திரம், வளர்ந்த உடம்புக்குள் சின்னப் பையன். உட்காரும்போது கால் எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி உட்காருகிறார், பொய் சொல்லும்போது கண்ணைப் பார்க்காமல் எதிரே இருப்பவரின் சட்டைப் பட்டனைப் பார்க்கிறார். வெய்லண்ட்-யூட்டானியின் பாதி இயந்திரப் பாதுகாப்பு அதிகாரி மாரோ இந்தப் பையனோடு நைசாகப் பேசி வளைக்கும் காட்சிகள், பிள்ளை வைத்திருப்பவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும். பாபூ சீசே நடித்திருக்கிறார் மாரோவாக, ஒரு இடத்திலும் குரலை உயர்த்தாமல். டிமோதி ஓலிஃபன்ட் இயந்திர மனிதன் கிர்ஷ், வெளுத்த தலைமுடி, வெளுத்த புருவம், அவர் சும்மா நின்றாலே போதும்.

மற்றதெல்லாம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கப்பலின் உட்புறம் முதல் படத்தின் கப்பல் நாஸ்ட்ரோமோவை அப்படியே பெயர்த்து வைத்த மாதிரி இருக்கிறது, பச்சை எழுத்துத் திரை, கனமான ஸ்விட்ச், மஞ்சளேறிய பிளாஸ்டிக். தாய்லாந்தில் எடுத்திருக்கிறார்கள், அந்தப் புழுக்கமும் வேர்வையும் திரையில் தெரிகிறது. ஒவ்வொரு எபிசோடும் கனத்த ராக் பாட்டோடு முடிகிறது, மச்சானுக்கு உயிர், எனக்குத் தூக்கம் கலைவதோடு சரி. ஒரு காட்சி இன்னொன்றின் மேல் கரைந்து கரைந்து போகிற எடிட்டிங் முதலில் அழகு, நாலாவது எபிசோடில் சலிப்பு. வளரவே மாட்டாத பையன் பீட்டர் பேன் கதையிலிருந்து பெயர்கள், தீவு, வாசிப்பு என்று திரும்பத் திரும்பக் காட்டுவதும் அப்படித்தான், ஒரு தடவை சொன்னால் புரியாதா?

நான் இன்னும் முடிவு செய்யாத விஷயம் ஒன்றுதான். நாலாவது எபிசோடு முடியும்போது வெண்டி, அப்போதுதான் பிறந்த குட்டி ஏலியனிடம் அதன் சத்தத்திலேயே பேசுகிறாள், அதுவும் அடங்கி நிற்கிறது. அண்ணன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார், “இனிமே இது ராமநாராயணன் படம்டா” என்றார். மச்சான் அவர் வாசல் தாண்டும் வரை சிரிப்பை அடக்கிக்கொண்டான். எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. பேசிப் பழக்கமுடியும் என்றால் பயம் குறையும், அது உண்மை. ஆனால் அதைப் பழக்குவது யார், அவளே கம்பெனியின் சொத்து, அவள் உடம்புக்கே கம்பெனிதான் சொந்தக்காரன். அவள் சொல் பேச்சு கேட்கிற ஒன்று கையில் இருந்தால் அடுத்து என்ன செய்வாள் என்பதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது.

புதிதாகப் பார்ப்பவர்கள் 1979 படத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் போதும், மற்றது எதுவும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போடாதீர்கள், பிள்ளைகள் நடிக்கிற கதை என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள். அடுத்த புதன் எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், ராத்திரிதான் பார்க்க முடியும், அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன். அண்ணன் இனி வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கும் சேர்த்து டீ போடச் சொல்லியிருக்கிறேன்.