தேன் விற்பவருக்கு உள்ளடக்க உத்தி எதற்கு? நாகர்கோவிலில் நடந்த இரண்டு நாள் பயிற்சி வகுப்பு பற்றிய மதிப்பீடு

மார்த்தாண்டத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் நானும் என் கணவரும் ஏழு ஆண்டுகளாகத் தேன் விற்று வருகிறோம். எங்களுக்குக் கடை கிடையாது. வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரும், கூரியரில் பாட்டில் போகும். ஆகவே நாங்கள் எழுதிப் போடுவதும் படம் பிடித்துப் போடுவதும்தான் எங்கள் கடையின் முகப்பு. அந்த முகப்பை எந்தத் திட்டமும் இல்லாமல், நேரம் கிடைத்தபோதெல்லாம் எதையோ பதிவிட்டு நிரப்பிக்கொண்டிருந்தோம். நாகர்கோவிலில் தொழில் செய்வோருக்கும் புதியவர்களுக்குமாக உள்ளடக்க உத்தி, அதாவது கன்டென்ட் ஸ்ட்ராட்டஜி, குறித்து அறிமுக வகுப்பு நடக்கிறது என்று தெரிந்ததும் நான் பெயர் கொடுத்ததற்கு அதுவே காரணம்.

வடசேரிப் பகுதியில் ஒரு மாடி அறையில், அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகளில், காலை பத்து மணி முதல் மாலை நான்கரை வரை வகுப்பு நடந்தது. மதிய உணவு சேர்த்துக் கட்டணம் 2,400 ரூபாய். தக்கலையில் சிப்ஸ் கடை வைத்திருப்பவர், கோயில் நகை செய்யும் குடும்பத்து இளைஞர், கன்னியாகுமரியில் தங்கும் விடுதி நடத்தும் அக்கா, வேலை தேடிக்கொண்டிருக்கும் பட்டதாரிகள் எனப் பதினெட்டு பேர் இருந்தோம். பயிற்சியாளர் சென்னையில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பொறுமையாகப் பேசினார், கேள்விகளைத் தட்டிக் கழிக்கவில்லை.

முதல் ஒரு மணி நேரத்தில் அவர் செய்த தெளிவுபடுத்தலே எனக்குக் கட்டணத்தில் பாதியை ஈடுகட்டிவிட்டது. விளம்பரத்துக்காகப் பயனுள்ள செய்திகளை வெளியிடுவது கன்டென்ட் மார்க்கெட்டிங். உள்ளடக்க உத்தி என்பது அதற்கும் முந்தைய முடிவுகளின் தொகுப்பு. இதை யாருக்காக எழுதுகிறோம், படிப்பவருக்கு எந்தத் தேவை நிறைவேறுகிறது, நம் தொழிலுக்கு என்ன கிடைக்கிறது, எங்கே வெளியிடுகிறோம், யார் எழுதி யார் சரிபார்ப்பது, பழையதை எப்போது திருத்துவது, எப்போது நீக்குவது என்பவையே அந்த முடிவுகள். இணையம் வருவதற்கு வெகு காலம் முன்பே இந்தச் சிந்தனை இருந்தது என்பதற்கு, ஜான் டியர் நிறுவனம் 1895-இல் உழவர்களுக்காகத் தொடங்கிய 'தி ஃபரோ' இதழையும், மிஷெலின் டயர் நிறுவனம் 1900-இல் வாகன ஓட்டிகளுக்காக வெளியிட்ட வழிகாட்டிக் கையேட்டையும் எடுத்துக் காட்டினார். கலப்பை விற்பவர் கலப்பையைப் பற்றி மட்டும் பேசாமல், உழவருக்குத் தேவையானதைப் பேசினார் என்று அவர் சொன்னபோது, ஏழு ஆண்டுகளாக நாங்கள் 'சுத்தமான தேன்' என்ற இரண்டு சொற்களையே வெவ்வேறு படங்களின் மேல் எழுதிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

வகுப்பின் உயிரான பகுதி உள்ளடக்கத் தணிக்கைதான். இதுவரை வெளியிட்ட அனைத்தையும் ஓர் எக்செல் தாளில் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி, இடம், நோக்கம், இன்றைக்கும் அது உண்மைதானா, வைத்துக்கொள்வதா, திருத்துவதா, நீக்குவதா என்று குறிக்க வேண்டும். முதல் சனிக்கிழமைக்கும் இரண்டாவதற்கும் இடையில் இதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தார். நான் நான்கு இரவுகள் உட்கார்ந்து இருநூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகளைப் பட்டியலிட்டேன். ஃபேஸ்புக்கில் பழைய விலை அப்படியே நின்றது. கூகுள் வரைபடத்தில் எங்கள் இடம் பக்கத்துத் தெருவில் காட்டியது. தொலைபேசி எண்ணோ எப்போதோ கைவிட்டது.

அவற்றையெல்லாம் விட என்னை உலுக்கியது வேறொன்று. பிறந்த குழந்தையின் நாவில் சேனை தொட்டு வைப்பதற்கு எங்கள் தேன் ஏற்றது என்று நான்கு ஆண்டுகளுக்கு முன் நானே எழுதியிருந்தேன். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் பச்சிளம் குடலில் முளைத்துக் கடும் நஞ்சை உண்டாக்கலாம் என்பதால் மருத்துவர்கள் இதைக் கண்டிப்பாகத் தடுக்கிறார்கள். இதைப் பின்னாளில் அறிந்துகொண்ட எனக்கு, பழைய பதிவு ஒன்று இன்னும் அங்கேயே இருக்கிறது என்பது மறந்தே போயிருந்தது. அன்றிரவே அதை நீக்கினேன். இப்போது ஒவ்வொரு பாட்டிலிலும், எங்கள் பக்கத்தின் முதல் வரியிலும் அந்த எச்சரிக்கை இருக்கிறது. எழுதியதைப் பராமரிப்பதும் எழுதுபவரின் பொறுப்பே என்பதை இதற்கு முன் யாரும் எனக்கு இவ்வளவு உறைக்கும்படி சொன்னதில்லை.

இரண்டாம் நாளில், எதை எழுதுவது என்ற கேள்விக்கு அவர் கொடுத்த வழி எளிமையானது: வாடிக்கையாளர்கள் கடந்த மூன்று மாதங்களில் கேட்ட கேள்விகளை எண்ணிப் பாருங்கள். வகுப்பிலேயே எங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து எண்ணினேன். முதலிடத்தில் நின்ற கேள்வி, 'தேன் உறைந்துவிட்டதே, சீனிப் பாகு கலந்தீர்களா?' என்பது. குமரி மாவட்டத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டங்களிலிருந்து வருகிறது. ரப்பர் மரம் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும் நாட்களில், பூவிலிருந்து அல்லாமல் இலைக்காம்பில் உள்ள சுரப்பிகளிலிருந்து வடியும் இனிப்பு நீரைத் தேனீக்கள் சேகரிக்கின்றன. தேனில் குளுக்கோஸ் மிகுந்திருந்தால் அது விரைவில் மணி மணியாக உறையும். உறைவது கலப்படத்தின் அடையாளம் ஆகாது. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் மீண்டும் இளகும். இதை ஒரே பக்கத்தில் படங்களுடன் எழுதி வைத்தோம். முன்பு ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் பேசி விளக்கிய இடத்தில் இன்று அந்த இணைப்பை அனுப்புகிறோம். கேட்டவர்கள் படித்துவிட்டு அடுத்த ஆர்டரும் தருகிறார்கள்.

இதைவிடச் சங்கடமான கேள்வி ஒன்றும் இருந்தது. மழைக்காலத்தில் பூவும் தளிரும் இல்லாதபோது தேனீக்கள் பட்டினி கிடக்காமல் இருக்கச் சீனிக் கரைசல் வைப்பது வளர்ப்போரின் வழக்கம். தேன் எடுக்கும் காலத்தில் அதை நிறுத்திவிடுவோம். இதை வெளியே சொல்வதா, மறைப்பதா என்று கேட்டேன். வேறு யாராவது அரைகுறையாகச் சொல்லும் முன் நீங்களே முழுமையாகச் சொல்லிவிடுங்கள், எந்த மாதத்தில் வைக்கிறீர்கள், எந்த மாதத்தில் நிறுத்துகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள் என்றார் பயிற்சியாளர். தயக்கத்துடன்தான் எழுதினேன். எங்கள் பக்கத்தில் மிகுதியாகப் படிக்கப்படுவது இன்று அதுதான்.

'எங்களைப் பற்றி' பகுதியும் மாறியது. 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்ற வரியை எடுத்துவிட்டு, 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊரகப் பணியைத் தொடங்கிய ஸ்பென்சர் ஹாட்ச் காலத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பு இங்கே பரவிய கதையையும், 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோயில் கூட்டம் கூட்டமாகத் தேனீக்கள் மடிந்த துயரத்தையும், அதிலிருந்து மீண்ட வளர்ப்போரையும் பற்றி எழுதியிருக்கிறோம். இந்த மண்ணில் தொழில் செய்பவருக்குச் சொல்வதற்குச் செய்தியா இல்லை! மட்டி வாழைப்பழம் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. எதை எப்போது பதிவிடுவது என்று வகுப்பில் போட்ட தம் அட்டவணையில் சிப்ஸ் கடைக்காரர் அதைச் சேர்த்துக்கொண்டார்.

அந்த அட்டவணையில்தான் எனக்கு முதல் குறை. பயிற்சியாளர் கொடுத்த மாதிரி அட்டவணை வாரத்துக்கு ஐந்து பதிவுகளை எதிர்பார்க்கிறது. எழுதுபவர், வடிவமைப்பவர், ஒப்புதல் தருபவர் என்று தனித்தனிக் கட்டங்கள் வேறு. எங்கள் வீட்டில் மூவரும் நானே. தேன் எடுக்கும் மாதங்களில் தூங்கவே நேரம் கிடைப்பதில்லை. ஆகவே அதை மடக்கி, அறுவடைக் காலத்தில் படங்களை மட்டும் சேர்த்து வைத்து, மழைக்காலத்தில் எழுதுவது என்று மாற்றிக்கொண்டோம். சிறு தொழிலுக்கென்றே ஓர் எளிய மாதிரியைப் பயிற்சியாளர் தயாரித்திருக்க வேண்டும்.

பெரிய குறை மொழி சார்ந்தது. தேடுசொல் பற்றிய பாடம் முழுவதும் ஆங்கிலச் சொற்களைக் கொண்டே நடந்தது. எங்களிடம் வாங்குபவர்கள் தமிழில் தேடுகிறார்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்து தேடுகிறார்கள். பலர் குரலாலேயே கேட்கிறார்கள். களியக்காவிளைக்கு அப்பால் இருப்பவர்கள் மலையாளத்தில் கேட்கிறார்கள். இந்த மாவட்டத்தில் அமர்ந்து நடத்தும் வகுப்பில் இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்காதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பலனை அளப்பது பற்றிய பகுதியும் கடைசி நாற்பது நிமிடங்களில் அவசரமாக ஓடி முடிந்தது. விருப்பக்குறிகளை எண்ணாமல், வந்த விசாரணைகளையும் ஆர்டர்களையும் எண்ணுங்கள் என்ற அறிவுரை சரியானது. அதை எப்படிப் பதிவு செய்வது என்று காட்டவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றி, அவை எழுதித் தருவதை அப்படியே வெளியிட வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ரீல்ஸ் எடுப்பது எப்படி, பின்தொடர்வோரை ஒரே மாதத்தில் பெருக்குவது எப்படி என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு இந்த வகுப்பு ஏமாற்றம் தரும். இரண்டு பட்டதாரிகள் முதல் நாளோடு நின்றுவிட்டதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். சொந்தமாக ஒரு பொருளோ சேவையோ வைத்துக்கொண்டு, அதைப் பற்றி எழுதியும் பலன் தெரியாமல் தவிப்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். போவதற்கு முன், உங்கள் வாடிக்கையாளர் உரையாடல்களை மூன்று மாத அளவுக்கு அழிக்காமல் வைத்திருங்கள். மடிக்கணினி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள், கைபேசியில் அந்தத் தணிக்கைத் தாளை நிரப்புவது கடினம். நான் வரும் மழைக்காலத்தில் அதே தாளை மீண்டும் திறந்து, எங்கள் பக்கங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க நாள் குறித்து வைத்திருக்கிறேன்.