மூன்று திருகு போன் அடாப்டர்: ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்குத் தோதானதா?

தூரத்துப் பறவையைப் பார்க்க உதவும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கியின் ஐபீஸில், அதாவது கண் வைக்கும் லென்ஸில், போனைக் கையால் பிடித்தபடி படமெடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். திரையில் பறவை பளிச்சென்று தெரியும், விரல் பட்டனுக்குப் போவதற்குள் ஒரு கறுப்புப் பிறை வந்து பாதியை மூடிவிடும். காரணம் எளிது. முன் லென்ஸ் 80 மி.மீ. அகலமுள்ள ஸ்கோப்பை 20 மடங்கில் வைத்தால் ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் 4 மி.மீ., 60 மடங்கில் வெறும் 1.3 மி.மீ. அந்தப் பொட்டுக்கு நேரே போன் லென்ஸை நிறுத்தி, நகராமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அடாப்டரின் வேலை. எத்தனை வசதி சொல்லி விற்றாலும் இந்த ஒன்றைக் கொண்டுதான் அதை எடைபோட வேண்டும்.

மலிவான ரப்பர் கவ்வி வகையில் போனைப் பக்கவாட்டில் நகர்த்தலாம், ஐபீஸுக்கு அருகிலோ தள்ளியோ கொண்டுபோக முடியாது. மூன்று திருகு வகை அந்தக் குறையைத் தீர்க்க வந்தது. செலஸ்ட்ரானின் நெக்ஸ்ஒய்இசட் இதில் பலரும் அறிந்த மாடல். 35 முதல் 60 மி.மீ. வரை வெளிவிட்டமுள்ள ஐபீஸைப் பிடிக்கும். இடம்-வலம், மேல்-கீழ், முன்-பின் என ஒவ்வொன்றுக்கும் தனித் திருகு உண்டு.

மாட்டும் வரிசை முக்கியம். முதலில் போன் உறையைக் கழற்றுங்கள். ஸ்கோப்பில் வேண்டிய மடங்கை வைத்துவிட்டுப் பிறகு அடாப்டரை மாட்டுங்கள். பல ஸ்கோப்புகளில் ஜூம் வளையத்தோடு கண்குவளையும் (கண் பதியும் ரப்பர் விளிம்பு) சேர்ந்து சுழலும். மாட்டிய பிறகு ஜூம் செய்தால் போனும் சாய்ந்துகொண்டு போகும். கண்குவளையைக் கீழே இறக்கிவிட்டு, முடிந்தால் ரப்பரை விட்டு அதற்குக் கீழுள்ள உலோகப் பகுதியில் கவ்வ வையுங்கள். ரப்பரில் கவ்வினால் வெயிலில் இளகி மெல்ல வழுக்கும். பிடி தளர்வாக இருந்தால் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று போதும்.

இனி ஸ்கோப்பை வெளுத்த வானத்தின் பக்கம் திருப்புங்கள். சூரியன் இருக்கும் திசை கூடவே கூடாது. திரையில் வெள்ளை வட்டம் தெரியும். நிழல் ஒரு பக்கம் பிறைபோல் விழுந்தால் மையம் தப்பியிருக்கிறது, இடம்-வலம், மேல்-கீழ் திருகுகளைத் தொடுங்கள். நிழல் சுற்றிலும் வளையமாகக் கவிந்தால் தூரம் தப்பு, முன்-பின் திருகு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மூன்று திருகையும் மாறி மாறி முறுக்குவதால்தான் பாதிப் பேர் இந்த அடாப்டரைத் திட்டுகிறார்கள்.

எல்லாம் சரியாக வைத்தும் 20 மடங்கில் கறுப்பு விளிம்பு மிச்சமிருக்கும். அது அடாப்டரின் குற்றமல்ல. ஜூம் ஐபீஸ்கள் குறைந்த மடங்கில் குறுகிய வட்டத்தைத்தான் காட்டும், போனின் லென்ஸோ அகலமானது. போனில் 1.5 முதல் 1.9 வரை விரலால் பெரிதாக்கினால் விளிம்பு மறைந்துவிடும். ஆனால் 2x பட்டனை அழுத்தும்போது சில போன்கள் வேறு லென்ஸுக்குத் தாவிவிடும். அந்த லென்ஸ் ஐபீஸுக்கு நேரே இல்லாததால் திரை இருண்டுபோகும். மேக்ரோவுக்கு (மிக அருகில் படமெடுக்கும் முறை) தானாக மாறும் வசதியையும் அணைத்து வையுங்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும்.

ஃபோகஸை ஸ்கோப்பின் நுண் திருகில் செய்து, திரையில் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் ஒளியளவையும் பூட்டுங்கள். திரையைத் தொட்டுப் படமெடுக்காதீர்கள். ப்ளூடூத் பட்டன், இல்லையென்றால் 2 நொடி டைமர். போன் லென்ஸின் குவியத் தூரத்தைக் கேமரா கணக்கில் 26 மி.மீ. என்று வைத்தால், 20 மடங்கில் அது 520 மி.மீ. லென்ஸுக்குச் சமம், 60 மடங்கில் 1560. அந்த நீளத்தில் ட்ரைபாட் காலருகே ஒருவர் நடந்தாலே படத்தில் தெரியும்.

60 மடங்கை நம்பி இதை வாங்க வேண்டாம். போன் லென்ஸின் திறப்பு சுமார் 3 மி.மீ. என்று வைத்தாலும், 1.3 மி.மீ. கற்றையிலிருந்து அதற்குக் கிடைக்கும் ஒளி ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஷட்டர் மெதுவாகும், புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும். போதாக்குறைக்குக் கானல் வேறு. வேதாரண்யம் உப்பளத்தில் வெயில் ஏறிவிட்டால் 200 மீட்டருக்கு அப்பாலுள்ள உள்ளான் பறவை தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளியும். எந்த அடாப்டரும் எந்தக் கண்ணாடியும் அதைச் சரிசெய்யாது. விடிந்ததும் போய், 20-30 மடங்கில் வைத்து, தொடர்ச்சியாக இருபது படம் எடுத்து இரண்டைத் தேற்றுவதே நடைமுறை. அடையாளத்துக்காகப் பறவையின் காலில் மாட்டிய சிறு கொடியின் எழுத்தைப் படிக்க வேண்டியவர்களுக்கு வீடியோ இன்னும் நல்லது, பறவை காலை அசைக்கும்போது ஒரு சட்டகத்திலாவது எழுத்து நேராக வரும்.

குறைகளுக்கு வருவோம். இந்த வகை கனமானது, போனும் சேர்ந்தால் ஸ்கோப் பின்னால் சாயும். ட்ரைபாடில் உட்காரும் அடித்தகட்டைத் தளர்த்தி ஸ்கோப்பைச் சற்று முன்னுக்குத் தள்ளிச் சமன் செய்ய வேண்டும். போனைப் பிடிக்கும் ஸ்பிரிங் தாடை பக்கவாட்டு பட்டன்மேல் உட்கார்ந்தால் போன் அணைந்துவிடும், மாட்டும் இடத்தை ஒருமுறை பார்த்துப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை நேரம். பெட்டியிலிருந்து எடுத்து வட்டத்தை நடுவுக்குக் கொண்டுவர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். மேயும் பூநாரைக் கூட்டம் காத்திருக்கும், மீன்கொத்தி காத்திருக்குமா? ஒரே போன், ஒரே ஸ்கோப் என்று இருப்பவர்களுக்கு, அந்தந்த மாடலுக்கென்றே செய்த, போன் உறையும் ஐபீஸ் வளையமும் சேர்ந்த உறை-வளைய வகைதான் மேல். நொடியில் மாட்டலாம், கழற்றலாம். போனை அடிக்கடி மாற்றுபவர்களுக்கும், ஒரே ஸ்கோப்பைப் பலர் பகிரும் பறவை நோக்கர் குழுக்களுக்கும் மூன்று திருகு வகை பொருந்தும்.

டிஎஸ்எல்ஆரை மாட்ட நினைப்பவர்களுக்கு இது உதவாது, கேமராவை இணைக்கும் டி2 என்ற திருகு வளையம் வேண்டும். அதன் மரை 42 மி.மீ., புரி இடைவெளி 0.75. பழைய பென்டாக்ஸ் திருகு லென்ஸும் 42 மி.மீ.தான், ஆனால் இடைவெளி 1 மி.மீ. ஒன்றில் மற்றதை மாட்டினால் சற்றே சுற்றி இறுகி நிற்கும். பலம் கொடுத்தால் மரை போய்விடும்.

வாங்குமுன் ஐபீஸின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். கடைக்கு ஸ்கோப்பையும் கொண்டுபோய், மாட்டி, வட்டத்தை நடுவில் வைத்து, ஸ்கோப்பைக் கொஞ்சம் சாய்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். வட்டம் நகராமல் நின்றால் பணத்தைக் கொடுக்கலாம்.