கருத்தரிப்பு மாத்திரையா, ஊசியா: சுகரை ஏற்றுவது எது?

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது, சுகரும் எல்லையில் நிற்கிறது, குழந்தைக்கும் பார்க்க வேண்டும். எங்கள் காரைக்குடிப் பக்கம் இந்த நிலையில் இருக்கிற பெண்கள் முதலில் பயப்படுவது மாத்திரைக்குத்தான். பயப்பட வேண்டியது அதற்கு இல்லை.

முட்டை வளரத் தருகிற குளோமிபீன், லெட்ரோசோல் இரண்டுமே மாதவிலக்கு வந்த முதல் சில நாட்களில் தொடங்கி 5 நாள் போடுவது. அதற்குள் சுகரில் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. அதனால் எதில் குழந்தை நிற்கிறது என்று பார்த்தால் போதும். 2014-ல் அமெரிக்காவில் 750 பிசிஓஎஸ் பெண்களை வைத்து வெளியான ஆய்வில் குழந்தை பெற்றவர்கள் லெட்ரோசோலில் 27.5 சதவீதம், குளோமிபீனில் 19.1. என் ஓட்டு லெட்ரோசோலுக்கு. (அதைத்தான் நம் நாட்டில் 2011-ல் கருத்தரிப்புக்குத் தரக்கூடாது என்று தடை போட்டு, அப்புறம் விலக்கினார்கள்.)

சுகருக்குத் தருகிற மெட்பார்மின் மாத்திரை வேறு ரகம். இன்சுலின் மிஞ்சிப்போனால் சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும், முட்டை வளராமல் நின்றுவிடும்; மெட்பார்மின் அந்த இன்சுலினைத் தணிக்கிறது. சுகருக்கு நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பினால் குழந்தை தாமதம்: 2007 ஆய்வில் அதில் குழந்தை பெற்றவர்கள் 7.2 சதவீதம், குளோமிபீனில் 22.5. துணை மாத்திரையாக வைத்துக்கொள்ளலாம், முதல் சில வாரம் வயிறு கலக்கும்.

சுகர் ஏறுவது இதற்கெல்லாம் அப்புறம்தான். கரு தங்க வாரக்கணக்கில் தருகிற புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் இன்சுலினின் வேலையை மந்தமாக்கும். அதிலும் வாரம் ஒருமுறை போடுகிற செயற்கை ஊசியில் கர்ப்பகாலச் சர்க்கரை கூடியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் இயற்கை புரோஜெஸ்டிரோன் மாத்திரையில் அவ்வளவாக இல்லை. கூடவே ஸ்டீராய்டு எழுதியிருந்தால் சுகர் இன்னும் ஏறலாம். எனக்கு ஊசிதான் போட்டார்கள், மாற்று இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்த வாரம் பார்த்து அயித்தை தூக்குவாளி நிறையக் கவுனி அரிசி கொண்டுவந்தார்கள். “கருப்பரிசிதானே ஆத்தா, சுகருக்கு நல்லது” என்றார்கள். அரிசி நல்லதுதான், அதில் கொட்டியிருந்த சீனியும் நெய்யும்? இரண்டு கரண்டி சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் 168. ஊசியா, சீனியா, யாரைத் திட்டுவது!

நம் நாட்டு முறைப்படி, 75 கிராம் குளுக்கோஸ் கலந்து குடிக்கிற டெஸ்டில் 2 மணி நேரத்தில் 140 தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. சாப்பிட்டுவிட்டும் போகலாம், அதனால் ஊசி தொடங்கியவர்கள் தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள்.