செங்கோட்டைப் பக்கம் திரும்பத் திறந்த படிப்பகம்: தமிழும் மலையாளமும் ஒரே ரூம்ல, போகலாமா?

மொதல்லயே சொல்லிடுதேன், அஞ்சுக்கு மூணரை ஸ்டார். பிள்ளைங்க அலமாரிக்கும் பேப்பர் மேஜைக்கும் மட்டும் மார்க் போடச் சொன்னா அஞ்சுக்கு அஞ்சே போட்டுருவேன். பெரியவங்களுக்கான மலையாள அலமாரியும், அந்த ரிஜிஸ்டரும், பாத்ரூம் இல்லாததும் சேந்து ஒன்றரைய தின்னுட்டு.

எடம் எங்கன்னா செங்கோட்டையில இருந்து புளியரை போற ரோட்ட விட்டு உள்ளாக்க ஒரு தெரு. ஓட்டுக் கட்டடம், முன்னாடி திண்ணை, பக்கத்துல மாவு மில்லு. வழி கேக்கும்போது மில்லுன்னு கேளுங்க, லைப்ரரின்னு கேட்டா டவுன்ல இருக்க கவர்மென்ட் கிளை நூலகத்துக்கு கைய காட்டி விட்டுருவாங்க, அது வேற, இது வேற. இது அந்தக் காலத்துல தெருக்காரங்களே கட்டுன படிப்பகம். பாத்துக்கிட்டிருந்த பெரியவர் தவறிப்போனதும் சாவி யார் கையில இருக்குன்னே தெரியாம, ஓடு ஒடைஞ்சு சாரல் உள்ள எறங்கி, வருஷக்கணக்கா பூட்டியே கெடந்துச்சு. நடுவுல கொஞ்ச நாள் யாரோ நெல்லு மூட்டைய கூட அடுக்கி வச்சிருந்தாங்க.

திறந்தது ஊர்க்காரங்க தான். வாட்ஸ்அப் குரூப்புல ஆரம்பிச்ச பேச்சு, கல்ஃப்ல இருக்க பையன்க கொஞ்சம் காசு அனுப்ப, கொத்தனாரு ரெண்டு பேரு கூலி வாங்காம ஓடு மாத்திக் குடுக்க, மில்லுக்காரரு கரண்ட் லைன் இழுத்து விட, இப்படியே வளந்துது. இதெல்லாம் எல்லா ஊர்லயும் நடக்குறது தான், பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா ரெண்டு மொழி லைப்ரரின்னு முடிவு பண்ணப்ப ஒரு சண்டை நடந்துது பாருங்க, அதத்தான் சொல்லணும். பாதிப்பேரு ரெண்டாவது மொழின்னா இங்கிலீஷ்தான், பிள்ளைங்க இங்கிலீஷ் பேச வேண்டாமான்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. மீதிப்பேரு மலையாளம்னாங்க. கடைசியில மலையாளம் ஜெயிச்சுது. என்னயக் கேட்டா அதான் சரி. இங்கிலீஷ் புஸ்தகம் வேணும்னா டவுன் நூலகத்துல கெடக்கு, இல்ல ஒரு பஸ் ஏறினா தென்காசி. மலையாளப் புஸ்தகம் இங்க சுத்துவட்டாரத்துல எங்க போய்த் தேட?

வெளியூர்க்காரங்க ஏன்டா மலையாளம்னு கேப்பீங்க. பரோட்டா திங்க வர்ற கூட்டம் பூரா பிரானூர் பார்டர் பிரானூர் பார்டர்ங்குது, கேரளா போகணும்னா புளியரையத் தாண்டணும், அப்ப பிரானூர்ல ஏது பார்டர்னு ஒருத்தரும் யோசிக்கிறதில்ல. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை அந்தப் பக்கம், திருவிதாங்கூர் ராஜ்ஜியம், அதுக்கப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி. அப்ப பார்டர் பிரானூர்லதான், அந்தப் பேரு அப்படியே ஒட்டிக்கிட்டு. ஊருக்குள்ள ஆர்ச்சுல திருவிதாங்கூர் சங்கு முத்திரை இன்னும் இருக்கு, அடுத்த தடவை நிமிந்து பாத்துக்கிடுங்க. மாநிலம் பிரிச்சப்ப செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு வந்துட்டு, அதே தாலுகாவுல கெடந்த ஆரியங்காவு கேரளாவுலயே நின்னுட்டு. ஆனா கல்யாணம், காய்கறி யாவாரம், எஸ்டேட் வேலை எதுவும் நிக்கல. 1904ல போட்ட புனலூர் ரயில் பாதைய அகலப்பாதை ஆக்குறேன்னு 2010ல நிறுத்துனாங்க, 2018ல தான் திரும்ப விட்டாங்க, அந்த எட்டு வருஷமும் ஜனங்க பஸ்ஸ புடிச்சு போய்க்கிட்டு வந்துக்கிட்டுதான் இருந்தாங்க. அங்க இருந்து வாக்கப்பட்டு வந்த மதினிமாரு தெருவுக்கு ரெண்டு பேராவது இருப்பாங்க. புனலூர் பக்கம் மலையாள மீடியத்துல நாலாங்கிளாஸ் வரை படிச்சிட்டு அப்பாவுக்கு வேலை மாறி இங்க வந்து தமிழ் ஸ்கூல்ல சேர்ற பிள்ளைங்க இருக்கு. அதுங்க பாடு தான் கஷ்டம்.

அந்தப் பிள்ளைங்களுக்காகவே இந்த எடம் உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்கு. நேஷனல் புக் டிரஸ்ட் காரங்க குழந்தைங்க படப் புஸ்தகத்த ஒரே படத்தோட பல பாஷையில போடுவாங்க தெரியும்ல, விலையும் கம்மி. அதுல தமிழும் மலையாளமும் ஜோடி ஜோடியா வாங்கி, ரெண்டையும் ஒரு கயிறு போட்டுக் கட்டி அலமாரியில வச்சிருக்காங்க. கீழ் ரெண்டு தட்டு பூரா இதான், பிள்ளைங்க கைக்கு எட்டுற உயரம். தனித்தனியா எடுக்க முடியாது, எடுத்தா ரெண்டும் சேந்தே வரும். நான் போனன்னைக்கு ஒரு அஞ்சாங்கிளாஸ் பிள்ளை, புதுசா வந்தது போல, மலையாளத்த விரல வச்சு வேகமா படிச்சிட்டு அதே பக்கத்த தமிழ்ல எழுத்துக்கூட்டிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல உக்காந்திருந்த நம்மூரு வாலு, "ஏட்டி, நீ அத வாசி, நான் இத வாசிக்கேன், யாரு மொதல்ல முடிக்கான்னு பாப்போம்"னு பந்தயம் கட்டுது. மேஜையில இருந்த டீச்சரம்மா நிமிந்து பாக்கவே இல்ல. சத்தம் போடாதன்னு சொல்லாத லைப்ரரியன நான் இங்கதான் பாக்கேன்.

அந்த டீச்சரம்மா ரிட்டயர்டு, ரெண்டு மொழியும் படிக்க எழுத வரும், சாயங்காலம் முக்காவாசி நாளு அவங்கதான் இருக்காங்க. சம்பளம் கெடையாது. அவங்க இல்லாத அன்னைக்கு வர்ற காலேஜ் பையனுக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. அன்னைக்கு யாராவது மலையாளப் புஸ்தகம் கேட்டா, "நீங்களே பாத்து எடுத்துக்கிடுங்கக்கா"ங்கிறான். போர்டுல எழுதி ரெண்டு மொழி லைப்ரரி ஆயிறாது தம்பி, உக்காந்திருக்கவனுக்கும் ரெண்டும் வரணும். டீச்சரம்மாவே அவனுக்கு அட்சரம் சொல்லிக் குடுக்காங்களாம், நடக்கட்டும்.

அடுத்து பேப்பர் மேஜை. தினத்தந்தி, தினமணி ஒரு பக்கம், மாத்ருபூமி, மனோரமா இன்னொரு பக்கம். காலையில ஆறரைக்கே பெருசுங்க ஆஜர், அந்தக் காலத்துல பள்ளிக்கூடத்துல மலையாளம் படிச்சவங்க இன்னும் ஒண்ணு ரெண்டு பேரு இருக்காவ. முல்லைப்பெரியாறு நியூஸ் வர்ற அன்னைக்கு போகணும் நீங்க. 1895ல கட்டுன அணை, 142 அடி வரைக்கும் தண்ணி தேக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2014லயே சொல்லியாச்சு, ஆனாலும் மழை பெஞ்சா ரெண்டு பக்கமும் ஆரம்பிச்சிரும். இந்தப் பேப்பர்ல தண்ணி வரத்து எம்புட்டு, எத்தன அடிக்கு ஏறிருக்குன்னு போட்டிருப்பான், அந்தப் பேப்பர்ல அணைக்கு என்ன வயசு, கீழ எத்தன ஊரு இருக்குன்னு போட்டிருப்பான். ரெண்டையும் வாசிக்கத் தெரிஞ்ச ஒரு தாத்தா, ரெண்டு கோஷ்டிக்கும் மாத்தி மாத்தி சத்தமா வாசிச்சுக் காட்டி சண்டைய மூட்டி விட்டுட்டு, டீ குடிக்க எந்திரிச்சுப் போயிருவாரு. டிவி விவாதத்துக்கு இது எவ்வளவோ தேவல.

இப்ப குறை.

பெரியவங்க மலையாள அலமாரி சவம் மாதிரி கெடக்கு. எல்லாம் தானமா வந்தது. பழைய வாரப் பத்திரிகை பைண்டு பண்ணது, என்னைக்கோ போட்ட கேரளா பிஎஸ்சி கைடு, அட்டை போன நாவல், ஒருத்தர் வீட்டு ஹோமியோபதி புஸ்தகம். புதுசுன்னு சொல்ல கைவிரல் விட்டு எண்ணிரலாம். மதினிமாரு ஆசையா வந்து ஒரு மாசம் பாத்தாங்க, அப்புறம் பிள்ளைங்கள மட்டும் அனுப்பிட்டு அவங்க வாரதில்ல. இத்தனைக்கும் காசு இல்லாம இல்ல. முன் சுவத்துல ரெண்டு மொழியில பெரிய பேரு, சுத்தி மயிலு, மரம், அருவின்னு பெயிண்டிங், செல்ஃபி எடுக்க ஒரு மூலை, அதுக்கு ஆன செலவுல பாதிய எடுத்துட்டு ரெண்டு பேரு கொல்லம் ரயில்ல ஏறியிருந்தா ஒரு அலமாரிக்கு புதுப் புஸ்தகம் வந்திருக்கும். இத கமிட்டிக்காரர் ஒருத்தர்ட்ட சொன்னேன். "அண்ணாச்சி, பெயிண்ட் அடிச்சதாலதான் நீங்களே எட்டிப் பாத்தீங்க"ங்கிறாரு. வாயத் தொறக்க முடியல, ஆனாலும் நான் சொன்னதுதான் சரி.

ரிஜிஸ்டர். மலையாளப் புஸ்தகப் பேரையும் ஆசிரியர் பேரையும் தமிழ் எழுத்துலயே எழுதி, அகர வரிசைப்படி அடுக்கியிருக்காங்க. மலையாளத்துல ப வரிசையில நாலு எழுத்து, நமக்கு ஒண்ணே ஒண்ணு. பாஸ்கரன், பாலன், பத்மநாபன் எல்லாரும் ஒரே ப-வுல வந்து விழுதாங்க. க, ச, த எல்லாத்துலயும் இதே கூத்து. மலையாளம் படிச்சு வளந்தவங்க அவங்க வரிசையில தேடினா கெடைக்காது. கோஹான்னு ஒரு இலவச லைப்ரரி சாஃப்ட்வேர் இருக்கு, பெரிய பெரிய காலேஜ்லயே ஓட்டுதாங்க, எந்த மொழி எழுத்தும் எடுக்கும், அதப் போடலாம்னு ஒரு பையன் குதிக்கான். இந்த அளவு லைப்ரரிக்கு அதெல்லாம் வேண்டாம்ப்பா, ஒரு எக்செல் ஷீட்டு போதும், பேர அதோட சொந்த எழுத்துல ஒரு காலம், தமிழ்ல ஒரு காலம், சோலி முடிஞ்சுது.

சாரல் சீசன்ல என்ன ஆகும்னு ஒரு பயம் இருக்கு. ஜூன்ல ஆரம்பிச்சா ஆரியங்காவு கணவாய் வழியா காத்தும் தூறலும் ஆகஸ்ட் தாண்டியும் விடாது, சுவர தொட்டா ஈரம். இரும்பு ராக்க சுவத்த விட்டு ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்காங்க, வசம்பும் அந்துருண்டையும் தட்டுக்குத் தட்டு வச்சிருக்காங்க, அது நல்ல புத்தி. ஆனா தானமா வந்த மர அலமாரி ரெண்டும் சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்கி. கறையான் ஏறினா அப்புறம் புலம்பி பிரயோஜனமில்ல. புஸ்தகத்த எடுத்து உதறுனப்ப ஒண்ணுல ராமபாணப் பூச்சி ஓடுச்சு, சொல்லிட்டுத்தான் வந்தேன்.

பாத்ரூம் கெடையாது. ஆம்பளைங்க மில்லுல போய்க்கிடுதாங்க, பொம்பளைப்பிள்ளைங்க அரை மணி நேரத்துல வீட்டுக்கு எந்திரிச்சிருதுங்க. அருவி பெயிண்டிங்குக்கு முன்னாடி இதப் பண்ணியிருக்கணும்.

நிர்வாகம் எப்படின்னா, கேரளா ஸ்டைல். நம்ம பக்கம் பொது நூலகம்னா டிபார்ட்மென்ட் நடத்தும், 1948ல போட்ட நூலகச் சட்டத்துப்படி வீட்டு வரியோட ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுறோம்ல, ரசீதுல தனியா போட்டிருக்கும் பாருங்க, அதுல ஓடும். அங்கிட்டு பெரும்பாலும் ஊர்க்காரங்க மெம்பராகி, அவங்களே கமிட்டிய தேர்ந்தெடுத்து நடத்துறது, கவர்மென்ட் கிராண்ட் மட்டும் குடுக்கும். பி.என். பணிக்கர்னு ஒரு வாத்தியாரு 1945ல அம்பலப்புழையில 47 லைப்ரரிய ஒண்ணாக் கூட்டி திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம் ஆரம்பிச்சதுல இருந்து வந்த பழக்கம் அது. அன்னைக்கு செங்கோட்டையும் திருவிதாங்கூர் தான். அவர் நினைவு நாளு ஜூன் 19, அங்க வாசிப்பு தினம். இங்கயும் அன்னைக்கு ஏதாவது வாசிப்பு வைக்கணும்னு பேசிக்கிட்டிருக்காங்க, சாரல்ல ஓடு ஒழுகாம இருந்தா சரி. ஆனா கேரளா ஸ்டைல்னாலும் கேரளா கிராண்ட் வராது, நம்ம நூலக வரியும் இதுக்கு வராது, தனியார் படிப்பகம்தான. சந்தாவும் நன்கொடையும் தான் பொழப்பு. சந்தா மாசம் 20 ரூபா, பிள்ளைங்களுக்கு ஃப்ரீ.

டிஎன்பிஎஸ்சி படிக்கிற பசங்க இத ஸ்டடி ஹால் ஆக்கச் சொல்லி நெருக்குறாங்கன்னு கேள்விப்பட்டேன். அவங்க கஷ்டம் புரியுது, வீட்டுல எடம் இருக்காது. காலையில பத்து மணிக்கு மேல சாயங்காலம் வரை ரூம் சும்மாதான கெடக்கு, அந்த நேரத்த குடுக்கலாம். சாயங்காலத்த மட்டும் குடுக்கக்கூடாது, குடுத்தா மொதல்ல "ஷ்ஷ்"ம்பாங்க, அந்தப் பந்தயம் கட்டுன ரெண்டு பிள்ளைங்களும் மறுநாள் வராதுங்க.

போறவங்களுக்கு: காலையில ஆறரை டு ஒன்பது பேப்பர் மட்டும், சாயங்காலம் அஞ்சு டு எட்டு புஸ்தகம், ஞாயித்துக்கிழமை காலையிலயும் புஸ்தகம் உண்டு. சாவி யாருகிட்டன்னு வாசல் போர்டுல அந்த வாரத்துக்கு எழுதிப் போட்டிருப்பாங்க, பூட்டியிருந்தா அத பாத்துட்டு மில்லுல கேளுங்க. பைக் திண்ணை முன்னாடி விடாதீங்க, மில்லுக்கு ஆட்டோ வரணும். புஸ்தகம் தானம் குடுக்குறதா இருந்தா பழைய கைடு, பாடப் புஸ்தகம் இப்ப வாங்குறதில்ல. மலையாள நாவல், கதை, அட்டையோட இருந்தா ரெண்டு கையாலயும் வாங்கிக்கிடுவாங்க, டீச்சரம்மா இருக்கும்போது கொண்டு போங்க, அந்தப் பையன்ட்ட குடுத்தா ஹோமியோபதி பக்கத்துல சொருகி வச்சிருவான்.