ஜூம் எச்5-ஆ, எஃப்3-ஆ?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் கோயில் கொடை, மேளம், சாரல் என்று ஒலிப்பதிவுக்குக் கிளம்புகிறவர்கள் ஜூம் நிறுவனத்தின் இந்த இரண்டு ஒலிப்பதிவுக் கருவிகளுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

மைக்: எச்5-இல் கழற்றி மாட்டும் எக்ஸ்ஒய் மைக் (ஸ்டீரியோவுக்காகக் குறுக்காக வைத்த இரட்டை மைக்) கூடவே வரும். எஃப்3-இல் மைக்கே கிடையாது, வெளி மைக் செருகும் இரண்டு எக்ஸ்எல்ஆர் இணைப்புகள் மட்டும். ஆகவே அதன் விலையோடு மைக், கேபிள் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

ஒலி அளவு: இங்கேதான் உண்மையான வித்தியாசம். எச்5 24 பிட்டில் பதியும்; கெயினை, அதாவது மைக் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவை, நாம்தான் திருகி வைக்க வேண்டும். வில்லுப்பாட்டுக்கு வைத்த அளவில் திடீரென்று செண்டை மேளம் புகுந்தால் ஒலி கிழியும், பிறகு சரிசெய்ய முடியாது. எஃப்3 32 பிட் ஃப்ளோட்; மெல்லிய ஒலியும் பெரிய ஒலியும் ஒரே பதிவில் அடங்கும். கெயின் குமிழே இல்லை. அப்புறம் எடிட்டிங்கில் ஏற்றி இறக்கலாம். ஆனால் மைக்கே தாங்காத சத்தத்துக்கு எந்த ஃப்ளோட்டும் உதவாது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்!

மின்சாரம்: இரண்டுக்கும் இரண்டு ஏஏ பேட்டரி. ஃபாண்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்குக் கொடுக்கும் மின்சாரம்) போட்டால் சீக்கிரம் தீரும். எஃப்3-க்கு யூஎஸ்பி-சி, போன் கேபிளே போதும்.

மழை: இரண்டுமே நனையக்கூடாது.

பேட்டி, ஒத்திகை, பையில் ஒரே கருவி என்றால் எச்5 சரி. கையில் நல்ல மைக் இருந்து, மேளமும் படப்பிடிப்புமே பிழைப்பு என்றால் யோசிக்காமல் எஃப்3.