நேர் இறக்கையா, பின்சாய்ந்த இறக்கையா?

திருகோணமலை சீனக்குடாவில் இறங்கும் சின்ன செஸ்னா விமானத்தைப் பாருங்கள். இறக்கை பலகைபோல நேராக நீண்டிருக்கும். குறைந்த வேகத்திலேயே போதிய ஏற்றுவிசை. ஸ்டால் (காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரிந்து ஏற்றுவிசை சரிவது) வந்தாலும் பெரும்பாலும் உடலோடு ஒட்டிய பகுதியில்தான் தொடங்கும். நுனிப்பக்க எய்லரோன் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அசையும் மடல்) அப்போதும் சொல்பேச்சுக் கேட்கும். ஓட்டப் பழகுபவருக்கு வேறென்ன வேண்டும்?

ஜெட் கதை வேறு. 1935இல் ஜெர்மன் பொறியாளர் அடோல்ஃப் புசெமன் ஒலியை மிஞ்சும் வேகத்துக்காகச் சொன்ன யோசனை, பின்சாய்ந்த இறக்கை. ஒலியைத் தொடாத வேகத்திலும் அது உதவும்: மாக் 0.8இல் (ஒலி வேகத்தின் 0.8 பங்கு) பறந்தாலும், 30 பாகை சாய்த்தால் இறக்கைக்குச் செங்குத்தாக வரும் காற்றின் வேகம் ஏறத்தாழ மாக் 0.69தான் (0.8 × கொசைன் 30). ஒலி வேகத்தை நெருங்கும்போது காற்று திடீரென அழுந்தி உருவாகும் அதிர்ச்சி அலை பிந்தும், இழுவை குறையும். சரி, விலை? ஸ்டால் நுனியில் தொடங்கும், மூக்கு மேலே கிளம்பும்.

கோணேசர் மலையில் பருந்து இறக்கை மடக்கிப் பாய்வதை இதோடு குழப்பாதீர்கள். அது பரப்பைக் குறைக்கிறது. மாக் எண்ணுக்கு அங்கே வேலையில்லை.