கொல்லிமலைச் சரிவில் சாமையா, குச்சிக்கிழங்கா?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் அடுப்பு ஒரு காலத்தில் சாமை, கேழ்வரகு, தினை ஆகியவற்றைக் கொண்டே எரிந்தது. சேலம், நாமக்கல் சமவெளிகளில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகிய பின், அவற்றின் மூலப்பொருளான, அப்பகுதியினர் குச்சிக்கிழங்கு என்று அழைக்கும் மரவள்ளி மலைச் சரிவுகளில் பரவியது. பருவமழை முறை தவறும் இக்காலத்தில் சாமை, கிழங்கு இவ்விரண்டில் எது மலைக்குடும்பத்தைத் தாங்கும்?

கையில் வரும் பணத்தைப் பொறுத்தவரை கிழங்கே முந்துகிறது. ஏக்கருக்குச் சாமை சில நூறு கிலோ தரும் நிலத்தில் கிழங்கு டன் கணக்கில் விளைகிறது. மொத்தமாக வாங்கிக்கொள்ள ஆலையும் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் பணம் தேவைப்படும் குடும்பம் கிழங்கை நாடியதைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

வறட்சியை இரண்டும் தாங்கும், ஆனால் தாங்கும் விதம் வேறு. கிழங்குச் செடி இலைகளை உதிர்த்துவிட்டு அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். எனினும் பத்து மாதம் நிலத்தைப் பிடித்துக்கொள்வதால், அது பொய்த்தால் அந்த ஆண்டே பொய்த்துவிடும். சாமையோ வகைக்கேற்ப மூன்று முதல் ஐந்து மாதங்களில் கதிர் முற்றிவிடும். பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச் சாமை எனப் பல வகைகளின் விதையை வீட்டிலேயே சேமித்து வைத்திருப்பவர், முதல் விதைப்பு காய்ந்தாலும் யாரையும் எதிர்பாராமல் மீண்டும் விதைக்க முடியும்.

கிழங்கின் நடவுக்குச்சியோ தேமல் நோயின் நச்சுயிரியையும் சேர்த்தே சுமந்து வரக்கூடும். இந்தியாவில் 2020-இல் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் வயல்களைக் கடுமையாகத் தாக்க, அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட வேண்டியதாயிற்று. இடைவெளி விட்டு நட்டு, மண்ணைக் கிளறிப் பிடுங்கும் பயிர் என்பதால் செங்குத்தான சரிவில் மண் அரிப்புக்கும் அது வழிவிடுகிறது. காப்பியும் மிளகும் நிழல்மரங்களோடு மண்ணைக் காக்கும், ஆனால் பசியாற்றா.

உணவு என்று பார்த்தால் நூறு கிராம் சாமையில் எட்டு முதல் பத்து கிராம் வரை புரதம் உண்டு. பச்சைக் கிழங்கில் ஒரு கிராம் அளவே. அந்தக் கிழங்கும் பெரும்பாலும் ஆலைக்குப் போய், வீட்டுக்கு ரேஷன் அரிசியே திரும்பி வருகிறது.

அப்படியிருந்தும் சாமை பின்வாங்கியதற்குக் காரணம் வயலில் மட்டும் இல்லை, உரலிலும் இருக்கிறது. கடினமான உமியை நீக்கப் பெண்கள் மணிக்கணக்கில் குத்திப் புடைக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பைக் கணக்கில் கொள்ளாமல் சிறுதானியப் பெருமை பேசுவது நியாயமன்று. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே விதைப் பாதுகாப்போடு நில்லாமல், உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டுசென்றதை அதனாலேயே முக்கியமாகக் கருதுகிறேன்.

என் தேர்வு, செங்குத்துச் சரிவுகளில் சாமை, சற்றே சமமான துண்டுகளில் மட்டும் கிழங்கு. ஆனால் 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி கிடைக்கும் இடத்தில் சாமை தனித்து நிற்காது. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசியின் ஒரு பகுதிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியதைப் போல, கொல்லிமலையில் விளையும் சாமையை அரசே வாங்கி, உமி நீக்கி, அந்த மலையின் கடைகளிலேயே வழங்க வேண்டும்.